சினைப் பூனைக்கு நாள் நெருங்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. பதினோரு வருடமாகப் பூனைகளோடுதான் வாழ்க்கை. நாங்களாக வளர்த்தவை, தானாக வந்து தங்கியவை என்று ஒன்பது பிரசவம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஆனால் தெருவில் யார் வீட்டுப் பூனைக்கு வலி எடுத்தாலும், "அக்கா, பூனை ஒரு மாதிரி கத்துது, கொஞ்சம் வர்றீங்களா?" என்று ராத்திரியில் போன் வரும். அப்போது கேட்கிற கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும்தான் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பூனைகள் யார் உதவியும் இல்லாமல் தானே குட்டி போட்டுவிடும். நம் வேலை பக்கத்தில் இருப்பதும், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதி வைப்பதும்தான். கை வைக்கவேண்டிய சில கட்டங்கள் உண்டு. அவற்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பூனை சினையாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

முதலில் காம்பைப் பாருங்கள். மூன்றாவது வாரம் நெருங்கும்போது காம்புகள் கொஞ்சம் பெரிதாகி, நல்ல ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். முதல் தடவை சினை பிடித்த பூனைக்கு இது பளிச்சென்று தெரியும். வயிறு தெரிய ஐந்து வாரமாவது ஆகும். வயிற்றை அமுக்கி எத்தனை குட்டி என்று எண்ணிப் பார்க்காதீர்கள். அது மருத்துவர் கைக்குத் தெரிந்த வேலை. நாம் அழுத்தினால் குட்டிக்கு அடிபடலாம்.

எத்தனை நாளில் குட்டி போடும்?

சேர்ந்த நாளிலிருந்து சுமார் 63 முதல் 65 நாள். 60 நாளில் போட்டதும் உண்டு, 68 நாளில் போட்டதும் உண்டு. 70 தாண்டினால் காத்திருக்கக் கூடாது, காட்டிவிட வேண்டும். நம் ஊரில் என்ன சிக்கல் என்றால், பூனை நாலு நாள் மொட்டை மாடியில் சுற்றிவிட்டு வரும். எந்த நாளிலிருந்து எண்ணுவது? காம்பு சிவந்ததைக் கவனித்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஆறு, ஏழு வாரத்தில் எதிர்பார்க்கலாம். அதே நாலு நாளில் இரண்டு மூன்று கடுவன்களோடு சேர்ந்திருந்தால், ஒரே ஈற்றில் வேறு வேறு தகப்பனின் குட்டிகள் பிறப்பதும் உண்டு. ஒன்று கருப்பு, ஒன்று செவலை, ஒன்று சாம்பல் வரி என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் தேவையா?

ஒரு தடவையாவது மருத்துவரிடம் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். நாலாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் சினையா இல்லையா, குட்டிகளின் இதயம் துடிக்கிறதா என்று தெரியும். எத்தனை குட்டி என்பது அதில் சரியாகத் தெரியாது. எண்ணிக்கை வேண்டுமென்றால் 45 நாளுக்கு மேல், எலும்பு கெட்டியான பிறகு எக்ஸ்ரே. என் அனுபவத்தில் இந்த எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம். நாலு என்று தெரிந்திருந்தால், மூன்றோடு பூனை ஓய்ந்து படுத்துக்கொண்டாலும் உள்ளே இன்னொன்று இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் விடிய விடியக் குழப்பம்தான்.

அந்தப் போக்கிலேயே ஒரு கேள்வி கேட்டு வைத்துவிடுங்கள்: "ராத்திரி ஏதாவது என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்?" எங்கள் பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி. நாமக்கல், ஒரத்தநாடு என்று மற்ற இடங்களிலும் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ராத்திரியில் எது திறந்திருக்கும், அறுவை சிகிச்சை எங்கே செய்வார்கள் என்பதைப் பகலிலேயே விசாரித்து, நம்பரை வாங்கிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்? மீனும் சோறும் போதாதா?

போதாது. பூனைக்கு இறைச்சியிலிருந்து கிடைக்கும் டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும். அது குறைந்தால் கரு கலையலாம், குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கலாம். சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்து வைத்தால் வயிறு நிறையும், இந்தச் சத்து தேவையான அளவு போய்ச் சேராது. பாதி நாளுக்கு மேல் ஆனதும் கடையில் விற்கும் குட்டிப் பூனைகளுக்கான உணவுக்கு மாற்றிவிடுங்கள். குட்டிகள் பால் மறக்கும் வரை அதுவேதான். அதோடு வேகவைத்த கோழி, மசாலா படாத மீன், முட்டை கொடுக்கலாம். பச்சை மீன் மட்டும் அடிக்கடி வேண்டாம்.

கடைசி இரண்டு வாரத்தில் குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொண்டு இருப்பதால் ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை வையுங்கள். மாட்டுப்பால் பல பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும். தண்ணீரே போதும், அது எப்போதும் இருக்க வேண்டும்.

கால்சியம் சிரப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "குட்டி எலும்புக்கு நல்லது" என்று வீட்டில் இருப்பதை ஊற்றிவிடுகிறார்கள். சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் கொடுத்துக்கொண்டே இருந்தால், உடம்பு தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடும். குட்டி போட்டு, பால் சுரக்கிற சமயத்தில் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கிப் பூனைக்கு வலிப்பே வரலாம். மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

வீட்டில் எதையெல்லாம் தள்ளி வைக்க வேண்டும்?

பாராசிட்டமால் முதலாவது. பூனைக்கு அது விஷம், அரை மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். "உடம்பு சுடுது, ஒரு துண்டு கொடுத்தேன்" என்று யாரும் சொல்லக் கேட்க நேரக் கூடாது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு ஆகாது. எறும்புச் சாக்பீஸை பெட்டியைச் சுற்றிக் கோடு போடுவது வேண்டாம். குட்டி போடும் இடத்தை ஃபினாயில் ஊற்றித் துடைக்கவும் கூடாது. பூனை தரையில் நடந்த காலை நக்கும், அது நேராக வயிற்றுக்குப் போகும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவிட்டால் போதும்.

குடற்புழு மருந்து தேவைப்பட்டால் சினைக்கு ஏற்றதை மருத்துவர் எழுதித் தருவார். தடுப்பூசி போட இது காலமில்லை. உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசி வயிற்றில் இருக்கும் குட்டியின் மூளையைப் பாதிக்கலாம்.

குட்டி போட எந்த மாதிரி இடம் தயார் செய்யணும்?

இரண்டு வாரம் முன்பே தயார் செய்யுங்கள். பூனை நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி. ஒரு பக்கம் மட்டும் அரை அடி உயரத்தில் வாசல் வெட்டுங்கள். தாய் தாண்டிப் போகும், குட்டி உருண்டு வெளியே வராது. அடியில் செய்தித்தாள் நாலைந்து அடுக்கு, அதன் மேல் பழைய காட்டன் சேலை. நூல் பிரிந்த டர்க்கி டவல் வேண்டாம். குட்டியின் நகம் அந்த வளையத்தில் மாட்டிக்கொள்ளும், சில சமயம் கால் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டமே நின்றுவிடும்.

மூலையான, இருட்டான, ஆள் நடமாட்டம் குறைந்த இடம் நல்லது. ஃபேன் காற்று நேராகப் படக் கூடாது. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைப்பதும் ஆகாது.

அப்புறம் எறும்பு. நம் ஊரில் இதை மறந்தால் வேறு எதைச் செய்தும் பிரயோஜனமில்லை. ரத்த வாடைக்கும் பால் வாடைக்கும் எறும்பு வரிசை கட்டி வந்துவிடும். பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்காது, உதறத் தெரியாது. நான் செய்வது இதுதான். அகலமான பலகையை நாலு செங்கல் மேல் வைத்து, ஒவ்வொரு செங்கல்லும் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிற்கும்படி விடுவேன். பெட்டி பலகை மேல். பலகை சுவரில் ஒட்டக் கூடாது, சேலை நுனியும் தரையில் தொங்கக் கூடாது. அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரிக் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்த அதே முறைதான்.

நாங்கள் வைத்த பெட்டியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீரோவுக்குள் புகுகிறது.

அதற்குப் பிடித்த இடம் அதுதான் என்றால், முடிந்தவரை விட்டுக்கொடுங்கள். பீரோவில் பட்டுப்புடவை இருக்கிறது, விட முடியாது என்றால் பூனையை வெளியே எடுத்துவிட்டுக் கதவை மூடுங்கள். கூடவே, அது தேடும் மாதிரியான மூலைக்குப் பெட்டியை நகர்த்துங்கள். அது வழக்கமாகப் படுக்கும் துணியைத் துவைக்காமல் அப்படியே பெட்டிக்குள் போடுங்கள், தன் வாடை இருந்தால் நம்பும். பரண் மட்டும் வேண்டாம். உயரத்திலிருந்து குட்டி விழுந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். நாள் நெருங்கியதும் பரணுக்குப் போகும் வழியை அடைத்துவிடுங்கள். பூனையையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குப் போட்டுவிடும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பூனையின் உடல் வெப்பம் சாதாரணமாக 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். குட்டி போடுவதற்கு அரை நாள், ஒரு நாள் முன்பு பல பூனைகளுக்கு இது 100க்குக் கீழே இறங்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் மெதுவாக வைத்துப் பார்க்கலாம். எல்லாப் பூனைக்கும் இறங்கும் என்று சொல்ல முடியாது. பூனை எதிர்த்தால் விட்டுவிடுங்கள், அதைப் பயமுறுத்தித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை.

கண்ணால் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஒன்றிரண்டு நாள் முன்பு காம்பில் பால் துளிர்க்கும். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும். துணியைக் காலால் பறிக்கும், சுழன்று படுக்கும், எழுந்து போகும், திரும்ப வரும். 'குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றுகிறான்' என்று சொல்கிறோமே, குட்டி போடுவதற்கு முன்னாலும் அதே சுற்றல்தான். பின்பக்கத்தை அடிக்கடி நக்கும். சில பூனைகள் ஒளிந்துகொள்ளும். சில நம் காலை விட்டு நகராது, நாம் எழுந்தால் கத்திக் கூப்பிடும். அப்படிக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள்.

என்னென்ன எடுத்து வைக்கணும்?

சுத்தமான காட்டன் துணி நிறைய, நன்றாகக் கொதிக்கவைத்த கத்தரிக்கோல், கொதிக்கவைத்த தையல் நூல், பெட்டடின் கரைசல், வெந்நீர் பாட்டில், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, ஒரு நோட்டும் பேனாவும், பூனையைத் தூக்கிப்போகக் கூடை. ஆட்டோக்காரர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். தேவைப்பட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி தேடிக்கொண்டிருக்க முடியாது.

வலி எடுத்த பிறகு என்ன நடக்கும்?

முதல் கட்டம் வெளியே அதிகம் தெரியாது. உள்ளே கர்ப்பவாய் திறந்துகொண்டிருக்கும். பூனை மூச்சு வாங்கும், 'கொர் கொர்' என்று சத்தமாக முனகும். இது ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், தலைச்சன் ஈற்றுக்கு ஒரு நாள்கூட ஆகலாம். இந்த நேரத்தில் செய்ய ஒன்றுமில்லை. விளக்கைக் குறைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, பேசாமல் இருங்கள்.

அடுத்து முக்க ஆரம்பிக்கும். வயிறு அலை போல இறுகுவது நன்றாகத் தெரியும். அந்த நிமிஷத்தை நோட்டில் எழுதுங்கள். பலமாக முக்க ஆரம்பித்து அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முதல் குட்டி வந்துவிடும். அடுத்தடுத்த குட்டிகள் பத்து நிமிஷத்திலும் வரும், ஒரு மணி நேரம் கழித்தும் வரும்.

எங்கள் வெள்ளச்சியின் முதல் ஈற்றை இன்னும் மறக்கவில்லை. ராத்திரி 2.10க்கு முக்க ஆரம்பித்தாள். 2.25க்கு ஒரு பெரிய நாவல்பழம் அளவுக்குக் கருநீலமாகப் பளபளவென்று ஒரு குமிழ் வெளியே தெரிந்தது, உள்ளே போனது, திரும்ப வந்தது. பனிக்குடம் அது. அவள் ஒரு காலைத் தூக்கிப் பின்னங்காலுக்கு நடுவே தலையை விட்டு நக்கினாள். ஒரு முனகல், வழுக்கிக்கொண்டு குட்டி துணி மேல் விழுந்தது. பையைப் பல்லால் கிழித்தாள், மூஞ்சியை நக்கினாள். நாக்கு சொரசொரவென்று இழுக்கிற இழுப்பில் குட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. பிறகு ஈரமான கதவுக் கீல் மாதிரி 'கீச்' என்று ஒரு சத்தம். தொப்புள்கொடியைக் கடைவாயில் வைத்து மென்று அறுத்தாள். இவ்வளவும் மூன்று நிமிஷத்தில். அவளுக்கு வயது ஒன்றுகூட நிரம்பவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. நான் கையில் துணியோடு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விஷயம். குட்டி தலை முன்னால் வரலாம், பின்னங்கால் முன்னால் வரலாம். பூனைக்கு இரண்டுமே சாதாரணம்தான். வால் மட்டும் தெரிந்து, கால் வெளியே வராமல் நின்றால்தான் சிக்கல்.

நான் எப்போது கை வைக்கணும்?

கையை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, மூன்று சமயங்களில்.

குட்டி வெளியே வந்து ஒரு நிமிஷம் ஆகியும் தாய் பையைக் கிழிக்கவில்லை என்றால், நீங்கள் மூக்குப் பக்கமாக விரலால் கிள்ளிக் கிழியுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் துடையுங்கள். தலை கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி உள்ளங்கையில் வைத்து, முதுகையும் நெஞ்சையும் துணியால் விறுவிறுவென்று தேயுங்கள். தாயின் நாக்கு எவ்வளவு முரட்டுத்தனமாக நக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுக்குத் தேய்க்கலாம். பதினைந்து இருபது நிமிஷம் விடாமல் தேய்த்துப் பிழைத்த குட்டிகள் உண்டு. தலைகீழாகப் பிடித்து வீசுவது பழைய வழக்கம். அதைச் செய்யாதீர்கள், மூளையில் அடிபடும்.

கொடியைத் தாய் கடிக்காவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்து, குட்டியின் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, முடிச்சுக்கு வெளிப்பக்கம் வெட்டுங்கள். நுனியில் பெட்டடின். கொடியை இழுக்கவே கூடாது, குடல் பிதுங்கிவிடும்.

குட்டி பாதி வெளியே வந்து நின்றுவிட்டால், ஈரத்துணியால் உடம்போடு சேர்த்துப் பிடித்து, தாய் முக்கும்போது மட்டும், கீழ்நோக்கித் தாயின் பின்னங்கால் பாதத்தின் பக்கமாக மெதுவாக இழுக்கலாம். ஒற்றைக் காலையோ தலையையோ மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். சில நிமிஷத்தில் வரவில்லை என்றால் வண்டியைக் கூப்பிடுங்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

பலமாக முக்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லை. குட்டி பாதியில் மாட்டிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. சிவப்பு ரத்தம் நிற்காமல் வருகிறது. ஒரு குட்டியும் வராமலே பச்சையாகவோ கருப்பாகவோ, நாற்றத்தோடோ ஒழுகுகிறது. உள்ளே இன்னும் இருக்கிறது என்று தெரிந்தும் இரண்டு மணி நேரமாக ஒன்றும் வரவில்லை, தாய் நிம்மதியில்லாமல் தவிக்கிறது. தாய் துவண்டு கிடக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது. இதில் எது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நான் ஒரு தடவை காத்திருந்தேன். கருப்பி முதல் குட்டியை நல்லபடியாகப் போட்டாள். அடுத்ததற்கு முக்க ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆனது. "பூனைதானே, அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன். விடிந்து கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தபோது பின்புறமாகத் திரும்பி மாட்டியிருந்த குட்டியும், அதற்குப் பின்னால் இருந்த இரண்டும் போய்விட்டன. கருப்பி பிழைத்தாள். அதற்குப் பிறகுதான் நோட்டும் பேனாவும் என் பொருட்களில் சேர்ந்தன. நேரத்தை எழுதி வைத்திருந்தால், முக்கால் மணி நேரத்தைப் "கொஞ்ச நேரம்தான்" என்று நினைத்திருக்க மாட்டேன்.

வலியைக் கூட்ட ஆக்சிடோசின் ஊசியைத் தெரிந்தவர் யாரோ வாங்கி வந்து போடுவதாகச் சொன்னால் விடாதீர்கள். குட்டி மாட்டியிருக்கும்போது அதைப் போட்டால் கர்ப்பப்பை கிழிந்துவிடும். அறுவை சிகிச்சையை நினைத்துப் பயப்பட வேண்டாம். அதே மேஜையில் கருத்தடையும் செய்துவிடலாம், அதற்குப் பிறகும் தாய் பால் கொடுக்கும்.

இரண்டு குட்டி போட்டுவிட்டு நிறுத்திவிட்டது. வயிற்றில் இன்னும் இருக்கிற மாதிரித் தெரிகிறது.

தாய் முக்கவில்லை, நிம்மதியாகப் படுத்துப் பால் கொடுக்கிறது, வைத்ததைச் சாப்பிடுகிறது என்றால் அது இடைவேளையாக இருக்கலாம். பூனைகள் சில சமயம் ஒரு நாள் இடைவெளி விட்டு மீதியைப் போடும். அந்தக் குட்டிகளும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் மருத்துவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். முக்கிக்கொண்டே ஒன்றும் வராமலிருப்பது வேறு, முக்காமல் ஓய்ந்திருப்பது வேறு.

நஞ்சுக்கொடியைத் தின்கிறதே, விடலாமா?

விடலாம், அது இயற்கை. ஒன்றிரண்டு தின்றால் போதும், எல்லாவற்றையும் தின்றால் வயிற்றுப்போக்கு வரலாம், மீதியை எடுத்துவிடுங்கள். ஒரு குட்டிக்கு ஒரு நஞ்சுக்கொடி என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

குட்டியை நாம் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்கிறார்களே?

உங்களிடம் பழகிய பூனை என்றால் ஒதுக்காது. தினம் ஒரு தடவை எடுத்து எடை பார்ப்பது நல்லது என்றே சொல்வேன். ஊரார் எல்லாம் வந்து கையில் வாங்கிப் பார்ப்பது வேண்டாம். முதல் இரண்டு வாரம் தாய்க்குத் தெரிந்த ஒரே கை போதும். சில பூனைகள் செத்த குட்டியையோ, பிழைக்காது என்று தோன்றும் குட்டியையோ தள்ளி வைக்கும். தள்ளப்பட்ட குட்டியைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் முதலில் சூடாக்கிவிட்டுத் தாயிடம் வையுங்கள், பல தடவை ஏற்றுக்கொள்ளும்.

முதல் வாரம் குட்டிகளை எப்படிக் கவனிப்பது?

சூடும் எடையும். இந்த இரண்டைப் பார்த்தாலே போதும். பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம், ஒரு குளியல் சோப்புக்கட்டி எடைதான். தினமும் சுமார் 10 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறவே இல்லை என்றால் ஏதோ சரியில்லை. இரண்டு வாரத்தில் எடை இரட்டிப்பாகும், கண்ணும் 7 முதல் 14 நாளுக்குள் திறக்கும்.

முதல் சில மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்துவிட வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் வருகிறது. அரை நாள் தாண்டிவிட்டால் அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் குடலுக்குக் குறைந்துபோகும்.

தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள இந்த வயதுக் குட்டிக்குத் தெரியாது. மழைக்காலத்தில், ஏசி அறையில், கொடைக்கானல் மாதிரி ஊரில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள். சுட்டால் நகர்ந்துபோக மறு ஓரம் காலியாக இருக்கட்டும். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள், அது செரிக்காது.

தாய்க்குப் பால் இல்லை, அல்லது தாயே இல்லை. என்ன கொடுப்பது?

பூனைக்குட்டிகளுக்கான பால் பவுடர் கடையில் கிடைக்கிறது, அதுதான் சரி. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. குப்புறப் படுத்த நிலையில்தான் புகட்ட வேண்டும். மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்தினால் பால் மூச்சுக்குழாயில் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்த பிறகு வெதுவெதுப்பான ஈரத்துணியால் பின்பக்கத்தைத் தடவிவிட்டால்தான் மூத்திரம் போகும். தாய் நக்கிச் செய்கிற வேலை அது.

குட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறதே?

பூனை ஏழு வீடு மாற்றும் என்பது நம் ஊர்ப் பேச்சு. ஏழா, எட்டா என்பது இல்லை கணக்கு. சத்தம், வெளிச்சம், புது ஆள் வாடை, அழுக்குத் துணி, கடுவன் நடமாட்டம் என்று எது தொந்தரவாகப் பட்டாலும் மாற்றும். குட்டியின் பிடரியைக் கவ்வியதும் அது கையையும் காலையும் மடக்கிக்கொண்டு அசையாமல் தொங்கும். இறைவனிடம் தன்னை ஒப்படைப்பதற்கு வைணவத்தில் மார்ஜார நியாயம் (பூனை உவமை) என்று சொல்கிறார்களே, அது இந்தக் காட்சிதான். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டி தன்னை முழுக்கத் தாயிடம் விட்டுவிடும். மாற்றிய இடம் பத்திரமானது என்றால் திரும்ப எடுத்து வராதீர்கள், துணியை மட்டும் அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள்.

தாயிடம் எதைக் கவனிக்கணும்?

பழுப்பும் சிவப்புமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஒழுகுவது இரண்டு மூன்று வாரம் இருக்கலாம், நாள் போகப் போகக் குறையும். நாற்றமோ சீழோ வந்தாலும், சாப்பிடாமல் காய்ச்சலோடு படுத்தாலும் உள்ளே நஞ்சுக்கொடியோ குட்டியோ தங்கியிருக்கலாம். மடியில் ஒரு காம்பு மட்டும் சூடாக, கல் மாதிரி, சிவந்து இருந்தால் பால் கட்டிப் புண்ணாகிறது என்று அர்த்தம். குட்டிகள் இரண்டு மூன்று வாரமாகி நன்றாக உறிஞ்சும் சமயத்தில் தாய் நடுங்கினால், விறைத்து நடந்தால், மூச்சு வாங்கினால் கால்சியம் இறங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவரிடம், நரம்பில் ஊசி போட்டால் கண்ணெதிரே தேறிவிடும். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும், கணக்குப் பார்க்காமல் வையுங்கள்.

வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள். பூனையை வெளியே விட்டுவிடணுமா?

வேண்டாம். பயம் டாக்ஸோபிளாஸ்மா கிருமியைப் பற்றியது. பூனை மலத்தில் வரும் அந்தக் கிருமி ஒட்டும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். மலத் தொட்டியைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தாலே ஆபத்து மிகவும் குறைந்துவிடும். குட்டி போட்ட இடத்தைச் சுத்தம் செய்வதையும் மருமகளிடம் விடாதீர்கள். அரைகுறையாக வெந்த கறி, கழுவாத கீரை, கையுறை இல்லாமல் தோட்டமண்ணைக் கிளறுவது இவற்றிலும் அதே கவனம் வேண்டும். அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

தாய்ப் பூனை கையைக் கீறிவிட்டது, கடித்துவிட்டது.

வலியிலும், குட்டியைக் காக்கும் பதற்றத்திலும் பழகிய பூனைகூடக் கடிக்கும். கோபப்படாதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடக் கூடாது. வெறிநோய் வந்தபின் மருந்து இல்லை.

தெருப் பூனை ஒன்று எங்கள் மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்டிருக்கிறது. உள்ளே தூக்கி வரலாமா?

உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்ப வந்து பார்க்கையில் குட்டி இல்லையென்றால் அலறிக்கொண்டு தேடும். நாலைந்து மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். குட்டிகள் கொழுகொழுவென்று, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் வந்துபோகிறது என்று அர்த்தம். ஓயாமல் கத்தினால், சில்லிட்டிருந்தால், எறும்பு மொய்த்தால், மழை நனைத்தால் அப்போது எடுக்க வேண்டும். மற்றபடி, சாய்த்து வைத்த அட்டையோ கோணியோ ஒரு மறைப்பு, கொஞ்சம் தள்ளிச் சாப்பாடும் தண்ணீரும். நாயும் கடுவனும் நெருங்காமல் பார்த்துக்கொண்டால் தாய் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

எப்போது கருத்தடை செய்யலாம்?

பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினை பிடிக்கும், பலருக்கு இது தெரியாது. குட்டி போட்ட சில வாரத்திலேயே கடுவனைத் தேட ஆரம்பிக்கலாம். அதனால் கதவு மூடியே இருக்கட்டும். குட்டிகள் எட்டு வாரமாகிப் பால் மறந்து, தாயின் மடி வற்றிய பிறகு கருத்தடை செய்துவிடலாம். பெட்டைக் குட்டிகளை மறந்துவிடாதீர்கள், நாலைந்து மாதத்திலேயே அவையும் சினை பிடிக்கும் வயதுக்கு வந்துவிடும். வெள்ளச்சிக்கு மூன்றாவது ஈற்றுக்குப் பிறகுதான் எனக்கு இது உறைத்தது, செய்துவிட்டேன். அவள் உடம்பு அதற்குப் பிறகுதான் தேறியது. இப்போது ஒன்பது வயது. இதை எழுதும்போது ஜன்னல் திண்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறாள்.